இறங்கும்போதும் பேர் கூப்பிடு

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாய். "அப்பா, என்னைய எடுத்துட்டாங்க. பயிற்சியெல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே காட்டுல நெருப்பு வந்தா ப்ளேன்ல இருந்து குதிக்கிற செட்டுல நானும் ஒருத்தன். சரி போடான்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாய். நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி வைக்கணும் என்று வெளியே போய்விட்டேன். மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகிறது என்பது உனக்கும் தெரியும். காலியாகக் கிடக்கும் மாட்டுக் கொட்டிலில் கொஞ்ச நேரம் நின்றேன். முழங்கால் வலி வந்ததும் திரும்பி வந்தேன். அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய்.

அப்பாவுக்குப் பயம் என்று நினைத்திருப்பாய். பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளை எரிகிற காட்டுக்குள் வானத்திலிருந்து குதிக்கிறான் என்றால் எந்த அப்பன் பயப்படமாட்டான்? ஆனால் என் வாயை அடைத்தது அது இல்லை. அதற்கு முன்னால் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "பயப்படாதீங்கப்பா, நான் என்ன தூங்குமூஞ்சி மாமாவா, நெருப்புப் பக்கத்துல படுத்துத் தூங்குறதுக்கு?" உன் மாமா, உன் அம்மாவின் ஒரே தம்பி, மலை நெருப்பை அணைக்கப் போன இடத்தில் மரத்தடியில் தூங்கிப்போய்க் கை இரண்டையும் சுட்டுக்கொண்டு வந்தவர் என்பது இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பார்த்தால் கொட்டாவி விட்டுக் காட்டும். அந்தக் கதை பொய், மகனே. அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் உன் மாமா. இன்னொருவன் நான்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. எழுதி முடித்ததும் மேல் லயத்து டீச்சரின் மகள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பும். அனுப்பும்போது அந்தப் பிள்ளை படிக்காமல் இருக்காது. படிக்கட்டும். அது படித்தால் லயத்து வீடுகள் முழுவதும் படித்த மாதிரிதான். இத்தனை வருஷம் ஊரறியச் சிரித்த சிரிப்புக்கு, பதிலும் ஊரறியத்தான் வரவேண்டும்.

நீ அனுப்பிய வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று அம்மாவைக் கேள். உன் சாமான்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பிக் காட்டினாயே, அதைத்தான். கிளை குத்தாமல் இருக்கக் கழுத்துவரை எழும்பி நிற்கும் காலர் வைத்த தடித்த உடுப்பு. முகத்துக்குக் கம்பி வலை போட்ட தொப்பி. முதுகில் ஒரு பாராசூட், அது விரியாவிட்டால் நெஞ்சில் இன்னொன்று. கால்சட்டைப் பையில் சுருட்டி வைத்த நீளக் கயிறு எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மரத்து உச்சியில் மாட்டிக்கொண்டால் அதைக் கட்டி இறங்குவதற்கு என்று நீ சொன்னதும், மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தேதான் குதிக்கிறார்களா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். குதிப்பதற்கு முன்னால் வண்ணக் காகித நாடாவைக் கீழே போட்டு, அது போகிற போக்கைப் பார்த்துக் காற்றை அளப்பீர்களாம். பின்னால் பெட்டியில் இறங்கும் மரம் அறுக்கும் வாள், தண்ணீர், இரண்டு நாள் சாப்பாடு, ஒரு பக்கம் கோடாலியும் மறுபக்கம் களைக்கொத்துமாக ஒரே பிடியில் போட்ட ஆயுதம். அது நல்ல சாமான். எங்களிடம் ஒன்று இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம். எல்லாவற்றையும் விட, கிழிந்த உடுப்பையும் பையையும் நீங்களே மெஷினில் தைக்க வேண்டும் என்றாயே, அதற்குத்தான் உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "பள்ளிக்கூடச் சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்கத் தெரியாதவன், பாராசூட்டு தைக்கிறானாம்" என்றாள். கனடாவுக்குப் படிக்கப் போன பிள்ளை முதலில் மரம் நட்டான், இப்போது மரத்தில் பிடித்த நெருப்பை அணைக்கிறான். தோட்டத்து ரத்தம் எங்கே போனாலும் மலையில்தான் ஏறும் போலிருக்கிறது.

எங்கள் சாமானையும் சொல்கிறேன். பச்சைக் கொப்பு, நனைத்த சாக்கு, மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி. அவ்வளவுதான். செருப்புப் போட்டவன் பாதி, போடாதவன் பாதி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மலையில் மானாப்புல் காய்ந்து நிற்கும். மாட்டுக்கு இளம்புல் வரவேண்டும் என்று யாராவது ஒரு குச்சியைக் கிழித்துப் போடுவான். கொஸ்லந்தப் பக்கம் புகை தெரிந்தால் சாயங்காலத்துக்குள் அது நம் தலைக்கு மேல் நிற்கும். ஃபேக்டரியில் சங்கு ஊதுவார்கள். கொழுந்தை விட்டுவிட்டு ஆம்பிளைகள் எல்லாம் காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. நெருப்பு மேட்டை நோக்கி ஓடும், பள்ளத்தில் நடக்கும் என்பதும், புல்லைச் செதுக்கிச் செம்மண் தெரிகிற வரைக்கும் கோடு வெட்டினால்தான் நிற்கும் என்பதும், தப்பிக்க வழியில்லாவிட்டால் பச்சையைத் தேடாதே, எரிந்து முடிந்த கரியில் போய் நில் என்பதும் சூடுபட்டுத் தெரிந்துகொண்டவை. உங்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. பெரட்டில் பேர் கூப்பிடுவது உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் கங்காணி தகப்பன் பேரோடு சேர்த்து ஒவ்வொருவர் பேரையும் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று சத்தம் வந்தால் அன்றைக்கு அவனுக்குப் பேர் விழுந்தது, கூலி உண்டு. நெருப்புக்குப் போகும்போதும் அதே வழக்கம்தான். தலைக்கு மேலே மலை எரிந்துகொண்டிருக்கும், நாங்கள் வரிசையில் நின்று பேர் கொடுத்துக்கொண்டிருப்போம். மலையிலிருந்து இறங்கும்போது? யாரும் கூப்பிடமாட்டோம். காலையில் பேர் விழுந்துவிட்டது, இனி அவன் எந்த வழியில் இறங்கினால் என்ன, எந்த லயத்துக்குப் போனால் என்ன. எங்கள் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். ஏறுகிறவனைத்தான் எண்ணுவோம். இறங்குகிறவனை எண்ணவேண்டும் என்பது எங்கள் புத்தியிலேயே இல்லை.

எனக்குக் கங்காணி வேலை கிடைத்து மூன்று மாதம். நீ அம்மா வயிற்றில். அன்றைக்கு நெருப்பு தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவுக்கு அந்தப் பக்கம், பைனஸ் காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே உள்ள புல்லுமலையில். இருபத்திரண்டு பேர் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனேன். புதுக் கங்காணி இல்லையா, தொண்டை கிழியக் கத்தினேன். பத்து மணியிலிருந்து கோடு வெட்டினோம், கொப்பால் அடித்தோம். நாலு மணிவாக்கில் நெருப்பு படுத்தது, காற்றும் விழுந்தது. உன் மாமாவுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. ஆனால் நெருப்பு வேலையில் அவர் கைக்கு நான் உறை போடக் காணாது. சாம்பலைப் புறங்கையால் தடவிப் பார்த்தே அடியில் கங்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். பைனஸ் மரத்தடியில் ஊசியிலை மெத்தையாகக் கிடக்கும். மேலே அணைந்த மாதிரி இருந்து, அடியில் வேரோடு வேராகப் புகைந்துகொண்டிருக்கும். அதனால் அவரைக் கூப்பிட்டு, "மாப்ள, அந்தக் கடைசி ஓரம் வரைக்கும் தடவிப் பாத்துட்டு வா. சுட்டா மண்ணப் போடு" என்றேன். "நீங்க இருங்க மச்சான், நான் பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்க இருங்க என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

கீழே தண்ணீர் கொட்டும் பீலியடியில் பொம்பளைகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னான். ஆள் ஆளுக்கு ஒரு பக்கமாக இறங்கினார்கள். நானும் இறங்கினேன். இதை எப்படி எழுதினாலும் நல்லதாக வரப்போவதில்லை. எனக்குப் பசி, கண் எரிச்சல், கால் கடுப்பு. நெருப்பை ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பு வேறு. என் மச்சினனை மேலே நிறுத்திவிட்டு வந்தது அடியோடு மறந்துபோனது. பீலியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, "தம்பி எங்க?" என்றாள். "வருவான்" என்றேன். என்னமோ அவன் கடைக்குப் போன மாதிரி. அண்ணாந்து பார்த்தால் காற்று மறுபடி எழும்பியிருந்தது. பைனஸ் ஓரத்தில் வெறும் புகை இல்லை, நெருப்பே கொழுந்துவிட்டு எரிந்தது.

ஓடினேன். முதல் திருப்பம் வரைக்கும்தான் ஓட முடிந்தது. அதற்கு மேல் அனல். பேர் சொல்லிக் கத்தினேனா என்று கேட்காதே. சத்தம் வரவில்லை. காலையில் இருபத்திரண்டு பேரைக் கத்திய தொண்டை, சாயங்காலம் ஒரே ஒரு பேருக்குத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவராகவே கரி பூத்த நிலத்தின் வழியாக நடந்து வந்தார். நெருப்பு தாழ்வாக இருந்த இடமாகப் பார்த்து, அதற்குள்ளேயே பாய்ந்து, எரிந்து முடிந்த பக்கம் விழுந்து, தண்ணி ஓடுகிற பழைய கானுக்குள் குப்புறப் படுத்துக் கை இரண்டையும் பிடரியில் கோர்த்து வைத்திருக்கிறார். அந்தக் கைகள்தான் வெந்தன. கழுத்தும் முகமும் தப்பின. நீங்கள் மாதக்கணக்கில் பழகுகிற வித்தையை அந்தப் பையன் ஒரு நிமிஷத்தில் செய்தான். அவனைத்தான் நாம் தூங்குமூஞ்சி என்கிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கட்டோடு அவர் திரும்பி வந்த அன்று காலை, தோட்டத் துரை பெரட்டுக்களத்துக்கே வந்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "இவன மேல விட்டுட்டு வந்தது யாரு? கங்காணி, எறங்குறப்ப நீ ஆளப் பாத்தியா இல்லியா?" நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கங்காணி வேலை அன்றோடு சரி. அதற்குள் உன் மாமா முன்னால் வந்து, "கங்காணி பாத்தாருங்க, கூப்பிடவும் செஞ்சாருங்க. நாந்தாங்க அலுப்புல மரத்தடியில தூங்கிட்டேன்" என்றார். துரை தலையை ஆட்டினார். பின்னால் நின்ற யாரோ சிரித்தான். ஒருவன் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். மகனே, நானும் சிரித்தேன். நம்பும்படியாகச் சிரித்தேன்.

அடுத்த மாதம் அவரை ஃபேக்டரி வேலைக்கு எடுப்பதாக இருந்தது. தூங்குகிறவனை மெஷின் பக்கம் விட முடியாது என்று விட்டுவிட்டார்கள். அந்த விரல்களோடு கொழுந்து எடுக்கவும் முடியாது, கவ்வாத்துக் கத்தி பிடிக்கவும் முடியாது. கான் வெட்டுவதும் புல் செதுக்குவதுமாகவே அவர் காலம் போனது. எனக்குக் கங்காணி வேலை கடைசிவரை நிலைத்தது. அதில்தான் நீ படித்தாய், பதுளைக்குப் போனாய், கனடாவுக்கும் போனாய். நீ விமானம் ஏறப் போன அன்று பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோமே, உன் பெட்டியை அந்த வளைந்த விரல்களால் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். பஸ்ஸில் தூங்கிவிடாதீர்கள் மாமா என்று நீ கேலி செய்தாய். அவர் என்னைப் பார்க்காமல் சிரித்தார். எத்தனை வருஷம் ஒரு மனுஷன் இன்னொருவனைப் பார்க்காமல் சிரிக்க முடியும்? அவர் சிரித்தார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. சொல்கிறேன், கேட்டுக்கொள். நெருப்பு எரியும்போது எல்லோரும் புத்தியோடுதான் இருப்பார்கள். உயிர்ப் பயம் புத்தியைக் கூர் தீட்டிவிடும். நெருப்பு படுத்த பிறகு வரும் அலுப்பு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். கால் கடுக்கும், தேத்தண்ணி மணக்கும், வேலை முடிந்துவிட்டது என்று உடம்பு தானாக முடிவு செய்துவிடும். நான் கெட்டவனாக இருந்து என் மச்சினனை விட்டுவிட்டு வரவில்லை. அலுத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். கெட்டவனாக ஆனது துரைக்கு முன்னால் சிரித்தபோது. நீங்கள் இரண்டு இரண்டு பேராகக் குதிப்பீர்கள், இறங்கியதும் சோடி ஆளைத் தேடிக் கையைக் காட்டுவீர்கள் என்று சொன்னாய். நல்ல வழக்கம். ஆனால் குதித்து இறங்கும்போது மட்டும் போதாது. எல்லாம் அணைந்து, அந்தப் பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடப்பீர்களே, அப்போதும் எண்ணு. நீ சின்னவனாக இருந்தாலும், பெரியவன் உன்னைப் பார்த்துச் சிரித்தாலும் எண்ணு. ஒரு நாள் உன்னையே பொறுப்பாகப் போடுவார்கள். அன்றைக்கு ஒரு சத்தம் குறைந்தால் தேத்தண்ணியைத் தொடாதே. தப்பு நடந்துபோனால், அதை இன்னொருத்தன் எடுத்துக்கொள்ளப் பார்த்தால், விடாதே. அந்தச் சுமையை வாங்கியவன் நிமிர்ந்து நடப்பான். கொடுத்தவன்தான் கூனிப் போவான்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று முன்தினம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்தாள். சோற்றையும் குழம்பையும் கட்டி எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். பொழுது சாயத்தான் வந்தாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோறு போடுகிறாள், மருந்தை எடுத்து வைக்கிறாள், பேசவில்லை. எவ்வளவு நாளைக்கோ தெரியாது. கேட்க எனக்கு வாயும் இல்லை.

நேற்றுக் காலையில் நானே இறங்கிப் போனேன். கீழ் லயம்தான், ஆனால் என் முழங்காலுக்கு அது பெரிய தூரம். அவர் வாசலில் குந்தியிருந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். "எல்லாத்தையும் எழுதிட்டேன் மாப்ள. நாளைக்குப் பிள்ளைக்கு அனுப்பப் போறேன்" என்றேன். அவர் கோடாலியைக் கீழே வைத்தார். "எதுக்கு மச்சான் இப்ப? பேரு போனது போனதுதான். அவன் நல்லபடியா இருக்கட்டும். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்." எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நல்லவனாக இருக்க இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கோபம். "ஒரு பேரு கூப்புடாம விட்டுப்போச்சு. அதக் கூப்புடத்தான் வந்தேன்" என்றேன். "ஒங்களுக்கு வயசாகிப்போச்சு, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முடிந்த மட்டும் நிமிர்ந்து நின்று, பழைய பெரட்டுச் சத்தத்தில் கூப்பிட்டேன். "சின்னையா மகன் ராமர்!" லயத்துக் கதவுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. அவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார். பிறகு அந்த வளைந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, "இருக்கேங்க" என்றார். கைத்தடிக்குக் கையை நீட்டினேன். அவர்தான் பிடித்து உட்கார வைத்தார்.

நீ கேட்ட வார்த்தை இதோ. சரி, போடா. போய்க் குதி. காற்றைப் பார்த்துக் குதி. அணைத்து முடித்துக் கீழே வந்து, எல்லோரையும் எண்ணிச் சரிபார். அதன் பிறகு போன் எடுத்தால் எனக்குப் போட வேண்டாம். முதலில் ராமர் மாமாவுக்குப் போடு. அந்தப் பழைய பேரைச் சொல்லாதே, மாமா என்று கூப்பிடு. "இருக்கேன் மாமா" என்று மட்டும் சொல். அவர் மேட்டில் ஏறி வந்து என்னிடம் சொல்வார். நான் காத்திருப்பேன்.

உன் அப்பா